குழந்தைதானே, மறந்துவிடும்

ஆனாவுக்கு ஆறு வயது. இரவெல்லாம் காணாமல் போயிருந்தவளை விடிந்தபின் கண்டுபிடித்துத் தூக்கி வந்திருக்கிறார்கள். இப்போது படுக்கையில் கிடக்கிறாள். பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, வெளிச்சம் பட்டால் கூசுகிறாள். பார்க்க வந்த மருத்துவர் அவள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிறார்: சின்னப் பிள்ளை, எதையோ கண்டு பலமாக அதிர்ந்திருக்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாக மறந்துவிடுவாள், உயிரோடு இருக்கிறாளே, அதுதான் முக்கியம். விக்தோர் எரிசே 1973இல் எடுத்த ‘தேன்கூட்டின் ஆவி’ என்ற ஸ்பானியப் படத்தின் கடைசிப் பகுதியில் இந்தக் காட்சி வருகிறது.

சாவு விழுந்த வீட்டில் குழந்தையின் தலையைத் தடவியபடி பெரியவர்கள் எல்லா ஊரிலும் சொல்வதைத்தான் அந்த மருத்துவரும் சொல்கிறார். ஆனால் அதை ஓர் ஆறுதல் வார்த்தையாக விட்டுவிடாமல், ‘இன்ன வயதுப் பிள்ளை இன்னதை மறக்கும்’ என்ற கணிப்பாக எடுத்துக்கொண்டால் சரிபார்க்கலாம். உளவியலும் நரம்பியலும் கடந்த எழுபது, எண்பது ஆண்டுகளாக அதைத்தான் செய்திருக்கின்றன. ஸ்பெயினின் இயக்குநர்கள் சிலரும் ஏறத்தாழ அதே காலத்தில், ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமல், அதே கேள்வியைத் தோண்டியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மருத்துவர் பாதி சரி, பாதி தவறு என்று தெரிகிறது. அந்தத் தவறான பாதிதான் சுவாரசியமானது.

ஆனா எதைக் கண்டாள்? ஸ்பானிய உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1940. காஸ்தீல் சமவெளியில் ஓயுவேலோஸ் என்ற சிற்றூர். ஊருக்கு ஒரு வண்டியில் சினிமா வருகிறது. ஜேம்ஸ் வேல் இயக்கிய 1931ஆம் ஆண்டின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. பிள்ளைகள் வீட்டிலிருந்து நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஏரிக்கரையில் ஒரு சின்னப் பெண்ணும் அந்தக் கோர உருவமும் பூக்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு விளையாடுகிறார்கள். அடுத்த காட்சியில் செத்துப்போன மகளைத் தகப்பன் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறான். இடையில் உருவம் அந்தப் பெண்ணைத் தண்ணீரில் எறியும் காட்சி பல பத்தாண்டுகள் புழங்கிய பிரதிகளில் தணிக்கையால் வெட்டப்பட்டிருந்தது. சிரித்து விளையாடிய பெண் திடீரென்று பிணம். நடுவில் ஒன்றுமில்லை. ஆனா தன் அக்கா இசபெலின் காதில் கிசுகிசுக்கிறாள்: அது ஏன் அந்தப் பெண்ணைக் கொன்றது? அதை ஏன் எல்லாரும் கொன்றார்கள்?

அந்தக் காட்சியில் ஆனாவாக வரும் ஆனா டொரெண்ட் நடிக்கவில்லை. திரையில் ஓடும் படத்தை உண்மையிலேயே அப்போதுதான் பார்க்கிறாள். ஒளிப்பதிவாளர் லுயிஸ் குவாத்ராதோ கேமராவைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பதிவு செய்தார். கண் விரிந்து, உடம்பு தானாக நாற்காலியிலிருந்து எழும்பும் அந்த நொடியை, தான் படமாக்கியவற்றிலேயே சிறந்தது என்று எரிசே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதாபாத்திரங்களுக்கு வேறு பெயர் வைத்தால் அந்தப் பிள்ளைக்குக் குழப்பமாக இருந்தது என்பதால் நடிகர்களின் சொந்தப் பெயர்களையே வைத்துவிட்டார். படப்பிடிப்புக்கு உருவத்தின் வேடம் போட்டு வந்தவரைக் கண்டும் அவள் பயந்தாளாம். ஒரு குழந்தை மரணத்தை முதன்முதலில் யோசிக்கும் கணத்தை இவ்வளவு கிட்டத்தில் பதிவு செய்த ஆய்வுக் காணொளிகூட வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆனாவின் வயதுப் பிள்ளைகள் மரணத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று முறையாகக் கேட்டவர்களில் முன்னோடி, ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி. புடாபெஸ்டைச் சேர்ந்த, 3 முதல் 10 வயது வரையுள்ள 378 பிள்ளைகளை எழுத வைத்தும் வரைய வைத்தும் பேச வைத்தும் அவர் திரட்டியவை 1948இல் ஆங்கிலத்தில் வெளியாயின. ஐந்து வயதுக்குக் கீழே சாவு என்பது ஒரு பயணம், அல்லது நீண்ட உறக்கம்; போனவர் எங்கோ இருக்கிறார். ஐந்திலிருந்து ஒன்பது வரை சாவு ஓர் ஆள். இருட்டில் வரும், தூக்கிக்கொண்டு போகும், கெட்டிக்காரராக இருந்தால் தப்பிக்கலாம். அதற்குமேல்தான் உடம்பின் இயக்கம் நிற்பது, எல்லாருக்கும் வருவது என்ற எண்ணம். மற்ற நாடுகளில் ஆராய்ந்தவர்கள் அந்த ‘ஆள்’ அவ்வளவு பரவலாக இல்லை என்று கண்டார்கள். 1984இல் ஸ்பீஸ், பிரெண்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து, மரணம் என்ற கருத்தை மூன்று துண்டுகளாகப் பிரித்தார்கள்: போனால் வர முடியாது, போனபின் உடம்பு எதையும் செய்யாது, யாருக்கும் விலக்கில்லை. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் பிடித்துக்கொள்கிறார்கள், ஆனால் மூன்றும் ஒன்றாக வந்து சேர்வதில்லை. ஆறு வயது ஆனா சரியாக அந்த இடுக்கில் நிற்கிறாள். உருவம் சாகவில்லை, அது ஓர் ஆவி, கண்ணை மூடிக்கொண்டு ‘நான்தான் ஆனா’ என்று கூப்பிட்டால் வரும் என்று இசபெல் ஒரு கதை விடுகிறாள். பாதிச் சாவு தெரிந்த பிள்ளைக்கு அது போதும்.

பிறகு நிஜமே வந்துவிடுகிறது. ஓடும் ரயிலிலிருந்து குதித்து, வயல்வெளியில் பாழடைந்து நிற்கும் கொட்டகையில் பதுங்கிய ஓர் ஆளுக்கு ஆனா ஆப்பிள் கொடுக்கிறாள், அப்பாவின் கோட்டைக் கொண்டுவந்து கொடுக்கிறாள். கோட்டுப் பையில் அப்பாவின் இசைக் கடிகாரமும் இருக்கிறது. இரவில் அவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அப்பா அந்தக் கடிகாரத்தைத் திறக்க, அது பாடுகிறது. யாரும் எதையும் சொல்லவில்லை. கொட்டகைக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறாள், இரத்தம்தான் இருக்கிறது. மறுபடியும் நடுக்காட்சி வெட்டப்பட்டுவிட்டது. இந்த முறை வெட்டியது தணிக்கை அல்ல, வீட்டுப் பெரியவர்களின் மௌனம்.

‘தேன்கூட்டின் ஆவி’ வந்தபோது, போரில் வென்ற சர்வாதிகாரி பிராங்கோ உயிரோடு ஆட்சியில் இருந்தார். போரில் தோற்றவர்களைப் பற்றிப் பெரியவர்களின் வாயால் பேச முடியாத நாட்டில், குழந்தையின் கண் தணிக்கைக்கு அகப்படாத ஒரு வழியாக இருந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது மட்டும் காரணமாக இருந்திருந்தால் ஆட்சி போனதும் இந்தக் குழந்தைகளும் போயிருக்க வேண்டும். போகவில்லை.

கார்லோஸ் சௌராவின் ‘கிரியா குவேர்வோஸ்’ 1975 கோடையில் படமாக்கப்பட்டது. நவம்பர் 20 அன்று பிராங்கோ இறந்தார். படம் 1976 ஜனவரியில் வந்தது, அந்த ஆண்டு கான் விழாவில் நடுவர்களின் சிறப்புப் பரிசையும் பெற்றது. அதே ஆனா டொரெண்ட், இப்போது இரண்டு வயது கூடியிருக்கிறாள். பெயரும் ஆனாதான். அம்மா நோயில் துடித்துச் செத்ததைப் பார்த்தவள். அதற்குக் காரணம் ராணுவ அதிகாரியான அப்பா என்று முடிவுகட்டி, அவர் குடிக்கும் பாலில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்கிறாள். ஒரு சிட்டிகை யானையையே கொல்லும் என்று அம்மா எப்போதோ விளையாட்டாகச் சொன்ன பொடி. அப்பா அன்றிரவே மாரடைப்பில் இறந்துவிடுகிறார். ஆனா கீழே போய், டம்ளரைக் கழுவி, மற்ற டம்ளர்களோடு கலந்து வைக்கிறாள். பொடி வெறும் சமையல் சோடா. அது அவளுக்குத் தெரியாது.

துக்கத்திலிருக்கும் பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு இந்த டம்ளர் நன்றாகத் தெரிந்த பொருள். நெருங்கிய ஒருவர் இறந்த பிள்ளை வாய்விட்டுக் கேட்காமல் உள்ளே சுமக்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: நானா காரணம்? எனக்கும் வருமா? இனி என்னை யார் பார்த்துக்கொள்வார்? முதல் கேள்வி பெரியவர்களுக்கு அபத்தமாகப் படும். ஆனால் ஏழெட்டு வயதுவரை, மனதில் நினைத்ததற்கும் வெளியே நடந்ததற்கும் நடுவே உள்ள சுவர் மெல்லியது. கோபத்தில் ‘நீ செத்துப்போ’ என்று ஒருமுறை நினைத்திருந்தால் போதும், பிறகு வரும் சாவுக்குப் பிள்ளை தானே பொறுப்பேற்றுக்கொள்ளும். யாரும் அதைக் குற்றம் சாட்டாததால் யாரும் அதை விடுவிப்பதும் இல்லை. ஆனாவின் விஷயத்தில் சௌரா இன்னும் ஒரு படி போகிறார். குற்றவுணர்ச்சியோடு சேர்ந்து அவளுக்கு ஒரு வலிமையும் கிடைத்துவிடுகிறது. பொடி கையில் இருக்கிறதே! வளர்க்க வந்த சித்தியின் மீதும் அதைப் பிரயோகிக்கிறாள். மறுநாள் காலை சித்தி வழக்கம்போல் வந்து பிள்ளைகளை எழுப்புகிறாள். அந்த நொடியில் ஆனா இழப்பது வெறும் நம்பிக்கையை அல்ல. சாவைத் தன்னால் இயக்க முடியும் என்ற ஒரே பிடிமானத்தை. பத்துப் பக்கம் விளக்க வேண்டிய இந்த உளவியலை, அவள் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் படம் காட்டிவிடுகிறது.

(இதே வரிசையில் மெக்ஸிகோ இயக்குநர் கியெர்மோ தெல் தோரோ ஸ்பெயினை வைத்து எடுத்த ‘பேன்ஸ் லாபிரிந்த்’தைச் சேர்ப்பது வழக்கம். அழகான படம்தான். ஆனால் அதிலுள்ள சிறுமி வீராங்கனையாக இருக்கிறாள். எனக்கு அவள் பெரியவர்களின் கனவில் வரும் குழந்தையாகவே படுகிறாள். சௌராவின் ஆனாவைப்போல் டம்ளர் கழுவுகிறவள் அல்ல.)

‘கிரியா குவேர்வோஸ்’ படத்தில் இடையிடையே ஒரு பெண் கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். அவள் இருபது ஆண்டுகள் கழித்து, 1995இல், தன் சிறுவயதை நினைத்துப் பார்க்கும் ஆனா. குழந்தைப் பருவம்தான் வாழ்க்கையின் பொற்காலம் என்போரைத் தனக்குப் புரிவதே இல்லை என்கிறாள். நடிப்பவர் ஜெரால்டின் சாப்ளின். செத்துப்போன அம்மாவாக நடிப்பவரும் அவரே. ஒட்டுத் தாடி மீசை எதுவும் இல்லாத, அதே முகம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறதிக்கு வருவோம். பெரியவர்களிடம் ‘உங்கள் முதல் ஞாபகம் எது’ என்று கேட்டால் சராசரியாக மூன்றரை வயதை ஒட்டிய ஏதோவொன்றைச் சொல்வார்கள். அதற்கு முந்தையது வெற்றிடம். ஏழு வயதுவரை அங்கொன்றும் இங்கொன்றும்தான். சிறு குழந்தைகளுக்கு ஞாபகமே உருவாவதில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்காவின் பட்ரீசியா பவரும் மரினா லர்கினாவும் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. மூன்று வயதுக் குழந்தைகள் 83 பேர் தங்கள் அம்மாவோ அப்பாவோ கேட்கக் கேட்க, அண்மையில் நடந்தவற்றைப் பேசினார்கள். அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு வெவ்வேறு வயதில் அதே நிகழ்ச்சிகளைக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு 60 சதவீதத்துக்கு மேல் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதில் கேட்கப்பட்டவர்களுக்கு ஏறக்குறைய 35 சதவீதம்தான். ஆக, ஞாபகம் இருந்தது. ஏழு வயதுக்குப்பின் அது உதிர்ந்தது. ஆனாவின் மருத்துவர் இந்த எண்களைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஏன் உதிர்கிறது? அதே 2014இல் டொராண்டோவில் பால் ஃபிராங்க்லேண்டும் ஷீனா ஜாஸ்லினும் அவர்களின் குழுவினரும் எலிகளிடம் ஒரு விடையைக் கண்டார்கள். மூளையில் ஞாபகங்களைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சிறுவயதில் புது நரம்பணுக்கள் மளமளவென்று பிறக்கின்றன. அவை பழைய இணைப்புகளுக்குள் நுழைந்து இடம்பிடிக்கும்போது, அங்கே முன்பு எழுதப்பட்டிருந்தது குலைகிறது. குட்டி எலிகளில் அந்தப் பிறப்பைத் தணித்தபோது அவை மறக்கவில்லை. வளர்ந்த எலிகளில் தூண்டியபோது அவை மறந்தன. மூளை ஏறக்குறைய முழுதாக வளர்ந்தபின்பே பிறக்கும் கினிப் பன்றிகளையும் சோதித்தார்கள். அவற்றுக்குக் குட்டிப் பருவ மறதி கிடையாது. ‘கிரியா குவேர்வோஸ்’ ஆனா ஆசையாக வளர்த்து, செத்ததும் கையால் மண் தோண்டிப் புதைப்பது ஒரு கினிப் பன்றியைத்தான். சௌராவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் அந்த வீட்டில் சிறுவயதை மறக்காத பிராணி அது ஒன்றுதான் என்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஃபிராங்க்லேண்டின் குழு 2018இல் இன்னொன்றையும் செய்தது. குட்டியாக இருந்தபோது ஒரு பயத்தைக் கற்ற நரம்பணுக்களை அடையாளமிட்டு வைத்து, வளர்ந்தபின், எலி அதை முழுக்க மறந்துவிட்ட நிலையில், அதே அணுக்களை ஒளியால் தூண்டினார்கள். எலி பயந்து உறைந்தது. ஞாபகம் அழிந்திருக்கவில்லை, அதைப் போய் எடுக்கும் வழி மூடிக்கிடந்தது. மனிதர்களிலும் ஏறத்தாழ ஒரு வயதிலேயே ஹிப்போகாம்பஸ் பதிவு செய்யத் தொடங்கிவிடுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தினர் 2025இல் குழந்தைகளின் மூளையைப் படமெடுத்துக் காட்டினார்கள். ‘மறந்துவிடும்’ என்பதை இனி ‘எடுத்துச் சொல்ல முடியாமல் போகும்’ என்று திருத்தித்தான் சொல்ல வேண்டும்.

வழியைத் திறந்து வைப்பது எது? இங்கேதான் நரம்பணுவை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போக வேண்டும். காத்தரின் நெல்சன், ராபின் ஃபிவுஷ் போன்ற உளவியலாளர்கள் பல ஆண்டுகள் வீடுகளுக்குள் உட்கார்ந்து கேட்டு ஒன்றைச் சொன்னார்கள்: குழந்தை தன் கடந்தகாலத்தைத் தனியாக நினைவுகொள்வதில்லை. ‘அன்றைக்கு மழையில் நனைந்தோமே, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று யாரோ கேட்டுக் கேட்டு, கூடச் சேர்ந்து சொல்லிச் சொல்லித்தான் அது கதையாகி நிற்கிறது. நிறையக் கேட்டுப் பேசும் தாயின் பிள்ளைக்கு நிறைய ஞாபகம். முன்னோர் கதையை விரிவாகச் சொல்லும் மரபுள்ள நியூசிலாந்தின் மாவோரி மக்களின் முதல் ஞாபகம் சராசரியாக மூன்று வயது நிறைவதற்கு முன்பே தொடங்குகிறது என்று அங்கு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதன் மறுபக்கம்தான் கொடுமை. கூடச் சேர்ந்து சொல்ல வேண்டிய ஆளே செத்துப்போனால்?

கார்லா சிமோன் 1986இல் பிறந்தவர். அவருக்கு மூன்று வயதானபோது அப்பாவும் ஆறு வயதானபோது அம்மாவும் எய்ட்ஸால் இறந்தார்கள். பிராங்கோவுக்குப் பின் வந்த சுதந்திரக் கொண்டாட்டத்தோடு ஸ்பெயினுக்குள் ஹெராயினும் வந்தது. ஊசி வழியே எச்.ஐ.வி. பரவியது, தொண்ணூறுகளின் முதற்பாதியில் மேற்கு ஐரோப்பாவிலேயே எய்ட்ஸ் மிகக் கடுமையாக இருந்த நாடுகளில் ஒன்று அது. நோயைத் தடுத்து நிறுத்தும் கூட்டு மருந்துகள் 1996க்குப் பிறகே வந்தன. சிமோனை அவருடைய மாமா குடும்பம் கிராமத்துக்கு அழைத்துப்போய் வளர்த்தது. அம்மாவைப் பற்றித் தனக்கு ஞாபகமே இல்லை எனலாம் என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆறு வயது என்பது முதல் ஞாபகத்துக்கான மூன்றரை வயதைத் தாண்டிய வயது. ஆனாலும் போய்விட்டது. ஏன் என்று மேலே சொன்னவற்றை வைத்து யூகிக்கலாம்: இனிமேல்தான் உதிர்தல் தொடங்கப்போகிற வயது, ஞாபகத்தைக் கிளறிவிடக்கூடிய வீடும் தெருவும் நகரத்தோடு போய்விட்டன, சேர்ந்து கதை சொல்பவர் இல்லை, நோயின் பெயரோ வெளியே சொல்லக் கூடாத பெயர். மறதிக்கு உகந்த எல்லா நிபந்தனைகளும் ஒரே கோடையில் வந்து சேர்ந்தன.

அந்தக் கோடையைத்தான் அவர் தன் முதல் படமாக எடுத்தார். ‘1993 கோடை’, 2017இல் பெர்லினில் சிறந்த முதல் படத்துக்கான பரிசைப் பெற்றது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஃப்ரீதா என்ற ஆறு வயதுச் சிறுமி, பார்சலோனாவிலிருந்து கட்டலான் மலைக் கிராமம் ஒன்றுக்கு, மாமா வீட்டுக்கு வருகிறாள். அங்கே ஆனா என்ற சின்னப் பெண் இருக்கிறாள். (ஸ்பானிய சினிமாவில் பெண் குழந்தைக்கு வேறு பெயரே வைப்பதில்லையோ என்று தோன்றிவிடும்.) தோட்டத்தில் லெட்யூஸ் பறித்து வரச் சொன்னால் ஃப்ரீதா முட்டைக்கோஸைக் கொண்டுவருகிறாள். விளையாடும்போது விழுந்து முழங்காலில் இரத்தம் வர, இன்னொரு குழந்தையின் தாய் அலறிக்கொண்டு தன் பிள்ளையைத் தூரமாக இழுக்கிறாள். எய்ட்ஸ் என்ற சொல் படத்தில் எங்கும் இல்லை. ஃப்ரீதாவின் உயரத்துக்கு இறங்கிய கேமரா, கதவுக்கு அந்தப்பக்கம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதை அரைகுறையாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

முதல் காட்சியிலேயே ஒரு பையன் அவளிடம் கேட்கிறான்: நீ ஏன் அழவில்லை? படம் முடியும்வரை பார்ப்பவருக்கும் அதே கேள்விதான். அவள் விளையாடுகிறாள், அடம்பிடிக்கிறாள், பொய் சொல்கிறாள், சின்னவளைக் காட்டுக்குள் கூட்டிப்போய் மரத்தில் விட்டுவிட்டு வருகிறாள். சின்னவளின் கை முறிகிறது. கெட்ட குழந்தை என்று தோன்றும். துக்கம் என்று தோன்றாது.

அமெரிக்காவில் வில்லியம் வோர்டனும் ஃபிலிஸ் சில்வர்மனும் தாயையோ தந்தையையோ இழந்த 70 குடும்பங்களின் 125 பிள்ளைகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் நொறுங்கிப்போகவில்லை. ஆனால் இழப்பில்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில்தான் தெளிவாகத் தெரிந்தது. எல்லாரும் வந்து பார்த்துவிட்டு, ‘பரவாயில்லை, பிள்ளை தேறிவிட்டது’ என்று போனபிறகு. துக்க ஆலோசகர்கள் ஓர் உவமை சொல்வதுண்டு: பெரியவர் துக்கத்தை ஆற்றைக் கடப்பதுபோல் கடக்கிறார், குழந்தை மழைக்குட்டையில் குதிப்பதுபோல் குதித்து உடனே வெளியே வந்துவிடுகிறது, பிறகு அடுத்த குட்டை. தொடர்ந்து நனைந்திருக்கும் திராணி அதற்கு இல்லை.

ஃப்ரீதாவின் குட்டைகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அவள் உதட்டுச்சாயம் பூசி, சாய்வு நாற்காலியில் கிடந்து, அம்மாவாக நடிக்கிறாள். ஆனா குழந்தை. விளையாட வா என்று குழந்தை கூப்பிட, அம்மாவுக்கு உடம்பெல்லாம் வலி, அசதி, ஆனால் உன்மேல் எனக்கு ரொம்பப் பிரியம் என்கிறாள் ஃப்ரீதா. அம்மாவோடு கழிந்த நாட்களைப் பற்றிப் படத்தில் ஒரு ஃபிளாஷ்பேக்கும் கிடையாது. வாய்விட்டுச் சொல்லத் தெரியாததை அவள் உடம்பு நடித்துக் காட்டுகிறது. இன்னொன்று, காட்டோரத்தில் இருக்கும் மாதா சொரூபம். அம்மாவிடம் சேர்ப்பிக்கச் சொல்லி அதற்கு சிகரெட் கொண்டுபோய் வைக்கிறாள். சாவு தெரியாததால் செய்கிறாள் என்று நினைத்தால் தவறு. பால் ஹாரிஸும் மார்த்தா கிமேனெஸும் மாட்ரிட் பிள்ளைகளிடம் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தாத்தாவோ பாட்டியோ இறந்த கதையை மருத்துவர் பேசுவதாகச் சொன்னால் எல்லாம் நின்றுவிட்டது என்றார்கள். பாதிரியார் பேசுவதாகச் சொன்னால் எண்ணமும் உணர்வும் தொடர்கிறது என்றார்கள். ஏழு வயதுக்காரர்களைவிடப் பதினொரு வயதுக்காரர்களே தொடர்கிறது என்று அதிகம் சொன்னார்கள். அறிவு வளர வளரப் பரலோகம் கரையவில்லை. இரண்டும் அருகருகே குடியிருக்கின்றன. வோர்டனின் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் இறந்தவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாக உணர்ந்தார்கள், அவருடைய பொருள் ஏதாவதொன்றை வைத்திருந்தார்கள். இறந்தவரை விட்டு விலகுவதே துக்கத்தின் வேலை என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லிவந்ததை மாற்றியதில் வோர்டன் குழுவின் தரவுகளுக்கும் பங்குண்டு.

கோடை முடிந்து பள்ளி திறக்கும் நேரத்தில் ஃப்ரீதா தன் அத்தையிடம் கேள்விகளைக் கேட்டுவிடுகிறாள். அம்மா எப்படிச் செத்தாள், நீயும் செத்துப்போவாயா? அத்தை மறைக்காமல், பயமுறுத்தாமல், தெரிந்த அளவுக்குப் பதில் சொல்கிறாள். எரிசேயின் ஆனாவுக்கு யாரும் செய்யாத காரியம் இது. அன்றிரவோ மறுநாளோ, கட்டிலில் ஏறிக் குதித்து மாமாவோடும் ஆனாவோடும் கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கும்போது ஃப்ரீதா அழத் தொடங்குகிறாள். சிரிப்பு நிற்காமலே அழுகையாக மாறுகிறது. என்ன என்று கேட்டால், தெரியவில்லை என்கிறாள். இனி பாதுகாப்பு என்று உடம்புக்கு உறுதியானபின் வந்த அழுகை என்று ஆலோசகர்கள் இதை வாசிப்பார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் அதோடு முடிவதில்லை. மரணத்தைப் பற்றிய அறிவு துண்டு துண்டாக வருவதால், ஒவ்வொரு துண்டு சேரும்போதும் பழைய சாவு புதிதாக நிகழ்கிறது. ஆறு வயதில் இழந்தது விளையாட்டுத் துணையை; பன்னிரண்டில், பதினெட்டில், தானே தாயாகும்போது, இழந்தது வேறு வேறு ஆள். நிகழ்ச்சியை மறப்பதால் இது நிற்பதில்லை. நினைவில்லாததும் துக்கத்தின் ஒரு பகுதியாகச் சேர்ந்துகொள்கிறது.

நாடுகளுக்கும் மருத்துவர்கள் ‘மறந்துவிடும்’ என்றே சொல்வதுண்டு. 1977இல் ஸ்பெயின் பொது மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்து, போரின் கொலைகளைக் கிளறுவதில்லை என்று ஏறத்தாழ ஒருமித்து முடிவுசெய்தது. 2000ஆம் ஆண்டில் பிரியரன்சா தெல் பியெர்சோ என்ற ஊரில் சாலையோரப் புதைகுழி ஒன்றைத் தோண்டி 13 பேரின் எலும்புகளை எடுத்தார்கள். தோண்ட முன்னின்றது கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் பேரன். போரைப் பார்த்தேயிராத தலைமுறை. வரலாற்று நினைவுச் சட்டம் 2007இல் வந்தது.

எரிசே தன் பங்குக்கு 2023இல், தன் எண்பதுகளில், ‘கண்களை மூடு’ என்ற படத்தோடு திரும்பி வந்தார். ஆனா டொரெண்ட் அதிலும் ஆனா. இப்போது மறந்துபோயிருப்பவர் அப்பா. காணாமல் போய் ஆண்டுக்கணக்கில் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டவர், மகளை அடையாளம் தெரியாதவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆவியைக் கூப்பிட்ட அதே சொற்களால் அவரைக் கூப்பிட்டுப் பார்க்கிறாள் மகள்.

சிமோனின் வழி இன்னும் துணிச்சலானது. ‘1993 கோடை’யின் படப்பிடிப்புக்கு முன் அவர் அந்த இரண்டு சிறுமிகளையும் நடிகர்களையும் ஒரு குடும்பமாகப் பழகவிட்டு, கதைக்கு முன்பு நடந்திருக்கக்கூடியவற்றை நடித்துப் பார்க்கச் செய்தார். அவர்களுக்குள் பொதுவான ஞாபகங்கள் உண்டாக வேண்டும் என்பதற்காக. தன்னிடம் இல்லாததை மற்றவர்களுக்குள் தயாரிக்கும் இந்தப் பழக்கம் 2025இல் கானில் போட்டியிட்ட ‘ரொமேரியா’வில் வெளிப்படையாகவே வருகிறது. 2004ஆம் ஆண்டு, பதினெட்டு வயது மரீனா, கல்வி உதவித்தொகைக்கு ஒரு சான்று வேண்டி, பார்த்தேயிராத அப்பா வழிச் சொந்தங்களைத் தேடி வீகோ துறைமுக நகரத்துக்குப் போகிறாள். பெரியப்பா ஒன்று சொல்கிறார், பாட்டி வேறு சொல்கிறாள், அம்மாவின் நாட்குறிப்போடு எதுவும் பொருந்துவதில்லை. கடைசியில் அவளே பெற்றோரின் இளமையைக் கற்பனை செய்துகொள்கிறாள். அந்தக் கற்பனையில் அம்மாவாக வருபவர், மரீனாவாக நடிக்கும் லூசியா கார்சியாவே. ஜெரால்டின் சாப்ளினின் இரட்டை வேடம் நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, இன்னொரு மகளின் முகத்தில். அம்மாவின் முகம் கிடைக்காதபோது கைவசம் இருப்பது கண்ணாடியில் தெரிவதுதான்.

குழந்தை உளவியலின் பிதாமகர்களில் ஒருவரான ழான் பியாஜேவுக்குத் தன் இரண்டு வயதில் பாரீஸ் தெருவில் யாரோ தன்னைக் கடத்த முயன்றதும், செவிலி தடுத்துப் போராடியதும், அவள் முகத்தில் விழுந்த கீறல்களும் தெள்ளத்தெளிவாக நினைவிருந்தன. அவருக்குப் பதினைந்து வயதானபோது, பரிசாகப் பெற்ற கைக்கடிகாரத்தைத் திருப்பியனுப்பி, எல்லாம் தான் கட்டிய கதை என்று அவள் எழுதினாள். வீட்டில் கேட்ட கதை பிள்ளையின் மனதில் கண்ணால் கண்ட காட்சியாக மாறியிருந்தது. இல்லாத படிமங்களை உண்டாக்கிக்கொள்ளச் சினிமாவால் முடியும் என்று சிமோன் சொல்கிறார். நாளடைவில் அவையும் அவருக்குள் பியாஜேயின் தெருவைப்போல் உட்கார்ந்துவிடக்கூடும். பியாஜேவுக்கு அது தெரியாமல் நடந்தது. சிமோன் திரைக்கதை எழுதி, நடிகர் தேர்வு நடத்தி, ஒளி அமைத்து அதைச் செய்கிறார்.